வண்டி, ஓட்டுநர், தெரு: தானோட்டிக் கார்களும் மூன்று அரசுகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ, அவர் வாழ்நாள் முழுவதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பணிபுரிந்தவர் என்று அழைப்பிதழில் படித்தேன். எத்தனை ஆயிரம் பேர் அவர் கண்முன்னே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிப் போயிருப்பார்கள்! நடுவில் காலை ஊன்றினால் தீர்ந்தது கதை, அடுத்த மாதம் வரவேண்டும். அந்த எட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2012 மே மாதம், அமெரிக்காவின் நெவாடா மாநிலம் தானோட்டிக் காரைச் சாலையில் சோதிக்க கூகுளுக்கு உரிமம் கொடுத்தது. அந்நாட்டில் இவ்வகை உரிமம் அதுவே முதல். கார் ஒரு டொயோட்டா ப்ரியஸ். சிவப்பு நம்பர் பிளேட், எண் 001, பக்கத்தில் முடிவிலிக் குறி. முடிவிலிக் குறி எப்படி இருக்கும்? எட்டைப் படுக்கவைத்தாற்போல் இருக்கும். நாம் எட்டுப் போட்டு உரிமம் வாங்குகிறோம். அந்தக் கார் எட்டைப் படுக்கவைத்துப் பிளேட்டிலேயே மாட்டிக்கொண்டது. அதற்கும் லாஸ் வேகாஸில் ஓட்டுத் தேர்வு நடந்தது. ஆனால் எந்தப் பாதையில் தேர்வு என்று முடிவுசெய்தது தேர்வெழுதிய நிறுவனம். வழியில் இரண்டு முறை உள்ளே இருந்தவர்கள் காரைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் இந்த விவரம் வெளியே வந்தது. நம் அலுவலரிடம் அந்தக் கார் தேறியிருக்குமா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

இந்தக் கார்கள் பாதுகாப்பானவையா என்பது என் பேச்சின் பொருள் அன்று. அதைப் பேச என்னைவிடத் தகுதியான பொறியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 பேர் சாலை விபத்துகளில் சாகிறார்கள், அந்தக் கார்களை ஓட்டியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தாம் என்பதை மட்டும் மறக்காமல் மேலே போவோம். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் என்ற மாளிகை மூன்று தூண்களில் நிற்கிறது: வண்டி, ஓட்டுநர், தெரு. நடுத்தூண் வண்டிக்குள் மறைந்துபோனபோது அதன்மேல் நின்ற அதிகாரம் எங்கே போயிற்று? அது மேலே, மாநிலத் தலைநகருக்குப் போயிற்று. தெருவில் நின்று தொல்லையைச் சுமக்கும் நகரத்துக்கு வரவில்லை. இதுவே நான் நிறுவ முயலும் கருத்து.

1. பழைய பங்கீடு

அமெரிக்காவில் வண்டி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை மைய அரசு சொல்லும். பிரேக், சீட் பெல்ட், ஏர் பேக் எல்லாம் 1966-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றில் மாநிலங்கள் தம் விருப்பத்துக்குத் தனி விதி போட முடியாது. யார் ஓட்டலாம், எந்த வேகத்தில் ஓட்டலாம், காப்பீடு எவ்வளவு, மோதினால் யார் பொறுப்பு என்பவை மாநிலத்தின் பங்கு. எங்கே நிறுத்தலாம், எந்த முனையில் சிக்னல், எந்தத் தெரு ஒருவழி என்பவை நகரத்தின் பங்கு. இந்தப் பாகப்பிரிவினை அரை நூற்றாண்டு பெரும்பாலும் குலையாமல் நடந்தது. வண்டி வேறு, ஓட்டுபவர் வேறு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லாததால்தான் நடந்தது.

2016 பிப்ரவரியில் மைய அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கூகுளுக்கு ஒரு கடிதம் எழுதியது. கூகுள் வடிவமைத்த, ஸ்டியரிங்கே இல்லாத காரில் ‘ஓட்டுநர்’ என்று யாரைக் கொள்வது என்பது கேள்வி. தானோட்டும் அமைப்பையே ஓட்டுநராகக் கொள்ளலாம் என்பது பதில். சட்ட மாணவர்கள் இந்தக் கடிதத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியின் ஓர் உறுப்பாகிவிட்டால், வண்டியை ஆளும் மைய அரசு ஓட்டுநரும் என்னுடையவர் என்று கேட்கலாம். ஓட்டுநரை ஆளும் மாநிலம் வண்டிக்குள்ளேயே கை நீட்டலாம். இரண்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

மைய அரசு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மாநிலங்கள் இதில் தலையிடக்கூடாது என்று சொல்லும் மசோதா ஒன்று 2017 செப்டம்பரில் கீழவையில் நிறைவேறியது. மேலவையில் அதற்கு இணையான மசோதா முடங்கிப்போனது. களம் மாநிலங்களிடம் வந்து சேர்ந்தது.

2. பதினாறு கார்கள் மாநிலம் மாறிய கதை

கலிபோர்னியா 2012-இல் சட்டம் இயற்றி, 2014 செப்டம்பரில் சோதனை விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அனுமதி வாங்க வேண்டும், 50 லட்சம் டாலருக்குக் காப்பீடோ பிணையோ காட்ட வேண்டும், விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும். பக்கத்து மாநிலமான அரிசோனாவில் 2015-இல் ஆளுநரின் ஓர் ஆணையோடு கதவு திறந்துவிட்டது.

2016 டிசம்பரில் ஊபர் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் இந்தச் சோதனை அனுமதி இல்லாமலே கார்களை இறக்கியது. உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே இது தானோட்டிக் கார் ஆகாது, அனுமதி எதற்கு என்பது அவர்கள் வாதம். மாநில மோட்டார் வாகனத் துறை வாதாடிக்கொண்டிருக்கவில்லை; 16 கார்களின் பதிவையும் ரத்து செய்தது. அடுத்த நாளே கார்கள் லாரியில் ஏறி அரிசோனா போயின. அந்த மாநில ஆளுநர் வெளிப்படையாகவே வரவேற்றார்.

அந்த வரவேற்பின் விலை 2018 மார்ச் 18 இரவு, டெம்பி நகரில் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர்மீது ஊபரின் சோதனைக் கார் மோதி அவர் இறந்தார். தானோட்டிக் கார் மோதிப் பாதசாரி இறந்த முதல் நிகழ்வு அது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. கண்டது என்ன என்றுதான் அதற்குப் புரியவில்லை. ஒரு கணம் வாகனம் என்றது, ஒரு கணம் வேறு ஏதோ பொருள் என்றது, ஒரு கணம் சைக்கிள் என்றது; மனிதர் என்று கடைசிவரை சொல்லவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில், அரிசோனா போதிய மேற்பார்வை செய்யாததையும் விபத்துக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாக எழுதியது. குற்ற வழக்கு யார்மேல் போயிற்று? நிறுவனத்தின்மேல் போகவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த கண்காணிப்பு ஓட்டுநர்மேல் போயிற்று. அவர் செல்போனில் கண்வைத்திருந்தார், தவறுதான். ஆனாலும் பொறுப்பைச் சுமத்த ஒரு மனித ஓட்டுநரைத் தேடிப் பழகிய சட்டம் அன்று இருக்கையில் ஒருவர் இருந்ததால் பிழைத்தது. இருக்கை காலியாக இருந்திருந்தால்?

3. பெயரில் என்ன இருக்கிறது

எல்லாமே இருக்கிறது.

அமெரிக்க நகராட்சிச் சட்டத்தில் டில்லன் விதி என்று ஒன்று உண்டு. 1868-இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் சொன்னது: நகரம் மாநிலத்தின் படைப்பு, மாநிலம் கொடுத்ததற்கு மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. கலிபோர்னியா நகரங்களுக்குத் தன்னாட்சி கூடுதல்தான். ஆனால் போக்குவரத்து விதிகள் மாநிலம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அங்குள்ள வாகனச் சட்டமே சொல்லிவிடுகிறது. நகரத்துக்கென்று அது விட்டுவைத்த பெரிய விதிவிலக்குகளுள் ஒன்று டாக்ஸி. எத்தனை டாக்ஸி, என்ன கட்டணம், யார் ஓட்டலாம் என்பதை நகரம் தீர்மானிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ 2010 முதல் ஒரு டாக்ஸி உரிமத்தை 2,50,000 டாலருக்கு ஓட்டுநர்களிடம் விற்றது. வீட்டுக் கடன்போலக் கடன் வாங்கி அதை வாங்கியவர்கள் உண்டு.

பிறகு ஊபரும் லிஃப்டும் வந்தன. ஆளைக் காசுக்கு ஏற்றி இறக்குகிற வண்டி, டாக்ஸிதானே? 2013 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் ‘போக்குவரத்து வலைநிறுவனம்’ என்று ஒரு புதுச் சாதியைப் படைத்தது. டாக்ஸி இல்லையென்றால் நகரத்துக்கு வேலை இல்லை. கடன் வாங்கியவர்களின் உரிமம் பெட்டியில் தூங்கியது. தானோட்டிக் கார்கள் பணத்துக்கு ஆள் ஏற்ற வந்தபோது, அவையும் அதே ஆணையத்தின் வாசலுக்குத்தான் போயின. பத்திரிகைகளும் மக்களும் ‘ரோபோ டாக்ஸி’ என்கிறார்கள். சட்டத்தில் மட்டும் அது டாக்ஸி இல்லை. டாக்ஸி என்று ஒரே ஒரு சொல் சட்டத்தில் ஒட்டியிருந்தால், அதன் எண்ணிக்கையை நகரம் நிர்ணயித்திருக்கும்.

இந்த ஆணையம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் கம்பெனியின் பிடியில் மாநிலமே தவித்த காலத்தில், அந்தக் கம்பெனியை அடக்கப் பிறந்த ரயில் ஆணையம் இதன் முன்னோர். இன்று மின்கட்டணமும் தண்ணீரும் பார்ப்பதோடு ஓட்டுநர் இல்லாக் காரையும் பார்க்கிறது. உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார். நகரத்து வாக்காளர் யாரும் அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

4. தீயணைப்பு வண்டி

சான் பிரான்சிஸ்கோவில் நானும் ஒருமுறை வேமோ நிறுவனத்தின் தானோட்டிக் காரில் ஏறினேன். வெள்ளை ஜாகுவார், தலையில் கொண்டைபோல ஒரு கருவி, அதில் என் பெயரின் முதலெழுத்துகள் ஒளிர்ந்தன. ஓட்டுநர் இருக்கை காலி, ஸ்டியரிங் தானே திரும்புகிறது. ஒரு முனையில் கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒரு மூதாட்டி மெல்லக் கடந்தார். அவர் நடைபாதையில் கால் வைக்கும்வரை கார் அசையவில்லை. பின்னால் வந்தவர் பொறுமையிழந்து நீளமாக ஹாரன் அடித்தார். யாரைப் பார்த்து அடிக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்து முறைக்க முன்னால் ஆளே இல்லை.

பாட்டிக்கு நல்ல கார்தான். தீயணைப்பு வீரருக்கோ அந்த ஆளில்லாமையே தொல்லை. 2023 ஜனவரியில் ஒரு தீ விபத்து இடத்தில், தண்ணீர்க் குழாய்கள் கிடந்த பக்கமாக க்ரூஸ் நிறுவனத்தின் கார் வந்தது. மனித ஓட்டுநரென்றால் ஒரு அதட்டல் போதும். இதை நிறுத்தக் கண்ணாடியை உடைக்க வேண்டியதாயிற்று. நகரின் தீயணைப்புத் துறைத் தலைவர் ஜனீன் நிக்கல்சன் இப்படிப்பட்ட குறுக்கீடுகளை எழுத்தில் பதிவுசெய்துகொண்டே வந்தார். அந்த ஆகஸ்டுக்குள் ஐம்பதைத் தாண்டின. அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? ஆணையத்துக்கு அனுப்பலாம். அவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் 10 அன்று ஆணையம் கூடியது. வேமோவும் க்ரூஸும் நகரம் முழுக்க 24 மணி நேரமும் கட்டணம் வாங்கி ஓட்டலாமா என்பது கேள்வி. பொதுமக்கள் கருத்தைச் சொல்லவே ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. டாக்ஸி ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். பார்வையற்றவர்கள் சிலர் ஆதரித்தார்கள். வழிகாட்டி நாயோடு வருகிறேன் என்று தெரிந்ததும் ஏற்ற மறுக்கும் ஓட்டுநர்களைப் பார்த்துச் சலித்தவர்களின் வாதம் அது, தள்ளிவிடக்கூடியதன்று. நகரப் போக்குவரத்து முகமையும் தீயணைப்புத் துறையும் எதிர்ப்பை ஏற்கெனவே பதிவுசெய்திருந்தன. முடிவு 3-1. ஆம் என்ற மூவரில் ஒருவர், முன்பு க்ரூஸ் நிறுவனத்தில் வழக்கறிஞராக இருந்தவர். சட்டப்படி அதில் தடை ஏதும் இல்லை என்றார்கள். இருக்கட்டும்.

மறுநாள் இரவே நார்த் பீச் பகுதியில் க்ரூஸ் கார்கள் கூட்டமாக நின்று தெருவை அடைத்துக்கொண்டன. ஒரு வாரத்தில் ஒரு கார் தீயணைப்பு வண்டியோடு மோதியது. அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய கார் ஒன்று இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் காரின் முன்னே விழுந்தார். அது மோதி நின்றது. பிறகு ஓரமாக ஒதுங்கி நிற்க முயன்று, அடியில் சிக்கிய அவரை 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. விபத்தில் ஓரங்கட்டு என்பது நல்ல விதிதான். அடியில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும். இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. அக்டோபர் 24 அன்று அனுமதி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது மாநில மோட்டார் வாகனத் துறை. ஆகஸ்டிலேயே எச்சரித்த நகரம் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டது என்றே சொல்லலாம். அதே ஆணையம் 2024-இல் க்ரூஸுக்கு 1,12,500 டாலர் அபராதம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் க்ரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸித் தொழிலிலிருந்தே விலகியது.

2023 கோடையில் நகரத்தவர் சிலர் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பை எடுத்துக் காரின் பானெட்மேல் வைத்தால் கார் அப்படியே நின்றுவிடும். மேயருக்கு இல்லாத அதிகாரம் ஒரு பிளாஸ்டிக் கூம்புக்கு இருந்தது.

5. சலான் புத்தகம்

என் வாதத்துக்கு ஆகச்சிறந்த சான்று இரண்டு அபராதச் சீட்டுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. தவறான இடத்தில் நிறுத்தினால் வரும் சீட்டு வண்டியின் பெயரில், அதாவது உரிமையாளர் பெயரில் எழுதப்படுகிறது. சிக்னலைத் தாண்டினால் வரும் சீட்டு ஓட்டுநர் பெயரில் எழுதப்படுகிறது. 2024-இல் வேமோ கார்கள் சான் பிரான்சிஸ்கோவில் 589 பார்க்கிங் சீட்டுகள் வாங்கின. தொகை 65,065 டாலர். அதே கார் ஓடும்போது விதியை மீறினால் போலீஸ் கையில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. நிற்கிற கார் குற்றவாளி, ஓடுகிற கார் நிரபராதி!

2025 செப்டம்பரில் பக்கத்து ஊரான சான் புரூனோவில், குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கச் சோதனை நடந்தது. காவலர்கள் கண்ணெதிரே ஒரு வேமோ கார் தடைசெய்த இடத்தில் யு-டர்ன் போட்டது. நிறுத்தினார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். எங்கள் சீட்டில் ரோபோவுக்கென்று கட்டம் இல்லையே என்ற பொருளில் அந்தக் காவல் துறையே சமூக வலைத்தளத்தில் எழுதிச் சிரித்துக்கொண்டது.

6. நிலம் உள்ளவன் சொல்

நகரத்திடம் ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அது அரசாக அதற்குக் கிடைத்ததன்று, சொத்துக்காரனாகக் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் நகரத்தின் சொத்து. ஊர்த் தெருவில் கேட்காமலே ஓடிய வேமோ, விமான நிலையத்துக்குள் வர நகரத்திடம் பேசி, 2025 செப்டம்பரில்தான் படிப்படியான அனுமதி பெற்றது. 2020 முதல் தனியார் கார்களுக்கு மூடியிருந்த மார்க்கெட் தெருவிலும் அப்படித்தான். மேயர் டேனியல் லூரி 2025-இல் சரி என்ற பிறகே நுழைய முடிந்தது. வாக்களித்த மக்களின் பேரவைக்கு இல்லாத செல்வாக்கு, கேட் போட்டுப் பூட்டத் தெரிந்த நில உரிமையாளருக்கு இருக்கிறது. ஒரு மக்களாட்சியில் இது எனக்கு உறுத்துகிறது.

7. மறுப்பும் என் பதிலும்

எதிர்த்தரப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவில் 58 கவுன்டிகளும் 480-க்கும் மேற்பட்ட நகரங்களும் உள்ளன. ஒவ்வொன்றும் தனி விதி போட்டால், நகர எல்லைக்கு எல்லை கார் தன் மூளையை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய தொழிலைக் காக்க நினைப்பவர்கள் உள்ளூர்ப் பேரவையில்தான் முதலில் போய் நிற்பார்கள். இவை உண்மை. டெக்சாஸ் 2017-லேயே நகரங்கள் இதில் விதி செய்யக்கூடாது என்று சட்டம் போட்டதும் இந்த அச்சத்தால்தான். அதே டெக்சாஸ் 2025-இல் மாநில அளவிலாவது அனுமதி வாங்கும் முறை வேண்டும் என்று இன்னொரு சட்டம் செய்ய வேண்டிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரின் மூளைக்கு விதி எழுதும் உரிமையை நகரத்துக்கு நான் கேட்கவில்லை. மூன்று சிறிய பொருள்கள் கேட்கிறேன். தன் தெருக்களில் எத்தனை கார் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுபோனது என்ற கணக்கு. நெரிசலான பகுதியில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கேட்கும் உரிமை. தீ, வெள்ளம், மின்தடை வந்தால் ‘இந்தப் பகுதிக்குள் வராதே’ என்று சொல்லும் அதிகாரம். 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவின் பெரிய பகுதி ஒன்று இருளில் மூழ்கி சிக்னல்கள் அணைந்தபோது, வேமோ கார்கள் முனைகளில் திகைத்து நின்றன. அன்றைக்கு அந்த மூன்றாவது அதிகாரத்தின் அருமை ஊருக்கே தெரிந்தது. நகரங்களுக்குப் பரந்த உரிமை தரும் மசோதா ஒன்று 2024-இல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு வந்து, திருத்தத்தில் நீர்த்து, கொண்டுவந்தவராலேயே கைவிடப்பட்டது.

அதே ஆண்டு இன்னொரு சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஜூலை 1. அவசரப் பணியாளர் ஒரு பகுதியைக் குறித்து அனுப்பினால், இரண்டு நிமிடத்துக்குள் நிறுவனம் தன் கார்களை அங்கிருந்து விலகச் சொல்ல வேண்டும். நான் கேட்ட மூன்றில் ஒன்று அதில் கிடைத்துவிட்டது. ஓடும்போது விதி மீறிய காருக்கும் காவலர் அந்த நாள் முதல் ஓர் அறிவிப்புச் சீட்டு எழுதலாம். அது நிறுவனத்தின் பெயருக்குப் போகும். அபராதம் எவ்வளவு என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.